கண்ணாடிக்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பத்தோரு வருடமாக அழகு நிலையம் நடத்துகிறேன். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் முடி உதிர்கிறது, கருவளையம் போகவில்லை என்பவைதான் அதிகம். போன மாதம், மணப்பெண் அலங்காரத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் வேறு மாதிரி இருந்தன. பணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முகத்தில் பூசுவது சரியா, பூசியவள் யாரை ஏமாற்றுகிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். அழகுக் குறிப்புகள் அடுத்த மாதம் வரட்டும். இந்த முறை இந்தக் கடிதங்களுக்கே இடம்.

“எதையும் பூசாத முகம்தான் உண்மையான முகம். பூசிய முகம் பொய் முகம். நம் பாட்டிமார் இதையெல்லாம் செய்யவில்லை. இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம். தன்னை வெளிப்படுத்திக்கொள்வது என்பதெல்லாம் கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பேச்சு. இதை வைத்தே பிழைக்கும் உங்கள் மனசாட்சி என்ன சொல்கிறது?”
ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஐயா, வணக்கம். என் பாட்டி குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர். அவர் வீட்டுக் கிணற்றடியில் கஸ்தூரி மஞ்சள் உரைப்பதற்கென்றே ஒரு கல் கிடந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் காதோரத்தில் மஞ்சள் திட்டாக நிற்கும் அளவுக்குப் பூசுவார். விளக்கெண்ணெய் விளக்கின் சுடரில் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கரி பிடித்து, அதைக் குழைத்துக் கண்ணுக்கு மை எழுதுவார். விரலுக்கு மருதாணி. உதடு சிவக்க வெற்றிலை. இவற்றையெல்லாம் அழகு சாதனம் என்று யாரும் அவரிடம் விற்கவில்லை, அவ்வளவுதான். மஞ்சள் பூசிய முகமும் பூசிய முகம்தானே, ஐயா?

வெளிநாட்டுப் பழக்கம் என்கிறீர்கள். 1952-இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட லக்மே கம்பெனியின் பெயர் ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தின் பெயர். அந்த லக்மே யார் என்று பார்த்தால் நம் லட்சுமிதான். பிரெஞ்சு வாயில் புகுந்து புறப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். புதுச்சேரிக்காரருக்கு இது புரியாமல் போகாது.

ஆனால் உங்கள் சந்தேகம் பழைய சந்தேகம். அதை நான் மதிக்கிறேன். ‘புனைதல்’ என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அலங்கரித்தாலும் புனைதல், இல்லாததைக் கட்டிச் சொன்னாலும் புனைதல். இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது சுலபம் இல்லை என்று நமக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

என் அப்பா தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியவர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு. பாரதம் படித்து, கூத்து நடத்தி, துரியோதனன் வீழும் படுகளத்தோடு முடிப்பார்கள். அப்பா வேஷம் கட்டும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் விட்டு அரிதாரத்தைக் குழைப்பார். அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. அன்று எங்களில் யாருக்கும் அது தெரியாது. அப்பாவுக்குக் கண் எரியும், கன்னத்தில் தோல் உரியும். அதோடுதான் விடிய விடிய ஆடுவார்.

பகலில் அவர் கூலிக்காரர். திரௌபதி வேஷத்துக்காக மீசையை எடுத்துவிடுவார். அந்த முகத்தோடு டீக்கடைக்குப் போனால் சிரிப்பார்கள். அறுப்புக் கூலி பாக்கி இருந்தால் நிலக்காரர் வீட்டு வாசலில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். யாராவது பார்த்து, “என்னப்பா?” என்றால், “சும்மா வந்தேன்” என்று திரும்பிவிடுவார். அம்மா அழுவாள். அதே மனிதர் துகில் உரியும் இரவில், நள்ளிரவு தாண்டி, விரித்த கூந்தலோடு சபை நடுவில் நின்று, “இங்கே நியாயம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா?” என்று கேட்பார். முன்வரிசைப் பாயில் அந்த நிலக்காரர் உட்கார்ந்திருப்பார். பெண்கள் எழுந்து வந்து கற்பூரம் ஏற்றுவார்கள். டீக்கடையில் சிரித்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அந்தக் குரல் அரிதாரத்திலிருந்து வரவில்லை, ஐயா. அது என் அப்பாவின் குரல். பகலில், ஒன்றும் பூசாத முகத்தோடு இருந்தபோதுதான் அதை அவர் மறைத்து வைத்திருந்தார்.

விடிந்ததும் வேஷம் கலைப்பார். தேங்காய் எண்ணெயைத் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைப்பார். துணியில் முதலில் கருப்பு வரும், பிறகு சிவப்பு, கடைசியில் மஞ்சள். அப்போதும் நான்தான் கண்ணாடி பிடிப்பேன். கலைத்த முகத்தோடு வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். பூசியதை எங்கள் முன்னால் கலைக்க அவருக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. என் மனசாட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். என் கடை நாற்காலியில் வந்து உட்காரும் ஒவ்வொருத்தியிடமும் நான் அறிய விரும்புவது அதைத்தான்: இதை யார் முன்னால் உன்னால் கலைக்க முடியவில்லை? அப்படி ஒருவர் இருந்தால், கவனிக்க வேண்டியது அந்த உறவை. பவுடர் டப்பாவைத் திட்டிப் பயன் இல்லை.

கம்பெனிகளின் பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. கீழே ஒரு தாயின் கடிதத்துக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

“என் மனைவிக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடமாக பவுடரைத் தவிர எதுவும் போடாதவள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு வேலையில் சேர்ந்தாள். இப்போது தினமும் உதட்டுச் சாயம். யாருக்காக என்று கேட்டால் கோபப்படுகிறாள்.”
ஒரு கணவர், நெய்வேலி

தம்பி, நீங்கள் வேலைக்குப் போகும்போது சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டுதானே போகிறீர்கள்? யாருக்காக என்று உங்களை இதுவரை ஒருவராவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் உங்களுக்கும் கோபம் வந்திருக்கும். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இருக்கிறது.

இந்த வயதுப் பெண்கள் என் கடைக்கு வருவார்கள். சொந்தச் சம்பளத்தில் வாங்கும் முதல் உதட்டுச் சாயம். புறங்கையில் ஐந்தாறு நிறங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே மங்கலான ஒன்றை எடுத்துக்கொண்டு, “போட்டால் தெரியுமா அக்கா?” என்று கேட்பார்கள். தெரியக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள். இருபது வருடம் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் நடமாடிப் பழகியவர்கள். உங்கள் மனைவி அந்தக் கட்டத்தைத் தாண்டி, தெரிகிற நிறத்தையே எடுத்திருக்கிறார் என்றால் எனக்கு மகிழ்ச்சி. அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனால், நேரு வீதியில் அவர் கடை ஏறும்போது வாசலில் நின்று கைபேசியைப் பார்க்காதீர்கள். கூடவே உள்ளே போங்கள். எந்த நிறம் அவருக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

“அன்புள்ள அக்கா, எனக்கு இருபத்தாறு வயது. ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது இடது கண்ணிமையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இப்போது உதட்டோரத்திலும் கழுத்திலும் இருக்கிறது. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாற்பது நிமிடம் பூசி மறைக்கிறேன். எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. தை மாதம் திருவந்திபுரத்தில் எனக்குக் கல்யாணம். அவர் பார்த்தது பூசிய முகத்தைத்தான். ‘நீ எவ்வளவு இயல்பாக இருக்கிறாய்’ என்று சொன்னார். அன்றிரவு நான் தூங்கவில்லை. அம்மா, கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். நான் ஏமாற்றுக்காரியா?”
பெயர் வேண்டாம், வில்லியனூர்

மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த நாற்பது நிமிடங்களைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். பன்னிரண்டு வருடமாக நீ விடியற்காலைத் தூக்கத்தை அதற்குக் கொடுத்திருக்கிறாய்.

நீ ஏமாற்றுக்காரி இல்லை. துணிக்கடைக்கு வருகிறவர்களுக்கு நீ தர வேண்டியது பில்லும் மீதிச் சில்லறையும். உன் தோலின் வரலாறு அவர்களுக்குக் கடன் இல்லை. தெருவுக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும் நீ எந்த முகத்தோடு போக வேண்டும் என்பது உன் விருப்பம். நாளைக்கே எதையும் பூசாமல் போக நினைத்தாலும் உன் விருப்பம். யாரும் உன்னை வற்புறுத்தி மறைக்கவும் வேண்டாம், வற்புறுத்தித் துடைக்கவும் வேண்டாம்.

உன் கடிதத்தில் நோயின் பெயரை நீ எழுதவே இல்லை. நான் எழுதுகிறேன். வெண்புள்ளி. வெண்குஷ்டம் என்று சொல்வது தவறு, கொடுமை. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுவதால் அந்த இடம் வெளுக்கிறது. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பிள்ளைகளுக்கு வந்தே தீரும் என்பதும் பொய். களிம்பு இருக்கிறது, ஒளிச் சிகிச்சை இருக்கிறது. எல்லாருக்கும் முழுதாக நிறம் திரும்பும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலருக்குப் பலன் இருக்கிறது. வில்லியனூரிலிருந்து ஜிப்மர் மருத்துவமனை எட்டும் தூரம்தான். தோல் பிரிவுக்குப் போ. வெளுத்த இடம் வெயிலில் சீக்கிரம் கன்றிவிடும், அதனால் சன்ஸ்கிரீன் போடாமல் வெளியே கிளம்பாதே.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம். அவரிடம் சொல்லிவிடு. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் சொல்லிவிடு.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு பெண்ணுக்கு மறைத்துக் கொடுத்திருக்கிறேன். பதினாலு வருடம் இருக்கும். அதே திருவந்திபுரம். முகூர்த்த நாளில் அங்கே ஒரே காலையில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று உனக்குத் தெரியும். மணப்பெண் நெல்லிக்குப்பம். விடிகாலை நான்கு மணி, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அறை, ஒரே ஒரு டியூப் லைட். பெண்ணின் தாடையிலிருந்து கழுத்து வரை வெந்நீர் கொட்டிய பழைய தழும்பு. அவள் அம்மா என்னை வெளியே கூப்பிட்டு, “பையன் வீட்டுக்குத் தெரியாது. தெரியாதபடி செய்துவிடுங்கள்” என்று சொல்லி, பேசியதற்கு மேலே ஆயிரம் ரூபாய் கையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன். மூன்று அடுக்காகப் பூசினேன். சிவந்த நிறத்தை முதலில் அடக்கி, மேலே தோல் நிறம், அதற்கு மேல் பவுடர். தழும்பு இருந்த சுவடே தெரியவில்லை. என் கையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மேடையில் ஓமப்புகை, கூட்டம், கழுத்து கொள்ளாத மாலை. வியர்த்துக்கொண்டிருந்தது. நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன். மாப்பிள்ளை தாலி கட்டினார். மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் குனிந்தாள். கூந்தலையும் மாலையையும் ஒதுக்க விரலைக் கழுத்தில் வைத்தாள். எடுத்தபோது விரல் நுனி இரண்டிலும் தோல் நிறம் அப்பியிருந்தது. விரலைப் பார்த்தாள். மணப்பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு விரலைத் தன் புடவை முந்தானைக்குள் துடைத்துக்கொண்டு முடிச்சைப் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாத்தனாரை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒரு வருடம் கழித்து அந்தப் பெண் என் கடைக்கு வந்தாள். நல்ல மனிதர், நன்றாக வைத்திருக்கிறார் என்றாள். தழும்பை அவர் அன்றிரவே பார்த்திருக்கிறார். தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பல மாதம், சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம், “வேறு என்ன சொல்லாமல் விட்டிருக்கிறாய்?” என்று கேட்டிருக்கிறார். பால் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால்கூட அதே கேள்வி. அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. “என் கல்யாணத்தில் மந்திரம், நாதஸ்வரம் எதுவும் என் காதில் விழவில்லை அக்கா. கழுத்தை அசைக்கக் கூடாது என்பது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.”

அந்தப் பெண்ணுக்கு அவள் கல்யாணத்தை நான் இல்லாமல் செய்துவிட்டேன். அந்த ஆயிரம் ரூபாயை அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு, மாப்பிள்ளைக்குத் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

உன் அம்மாவைத் திட்டாதே. பயத்தில் சொல்கிறார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்தப் பயத்தை ஊர்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தைத் தாலியோடு சேர்த்து நீ கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கைபேசியில் சொல்லாதே, புகைப்படம் அனுப்பாதே. வீட்டில் சொல்லிவிட்டு, அண்ணனோ சித்தியோ துணைக்கு இருக்க, காலை வெளிச்சத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு போ. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் நடக்க நல்ல இடம். “இதுதான் என் முகம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருக்கிறது. தொற்றாது. மருத்துவரிடம் கேட்க வேண்டியது இருந்தால் சேர்ந்தே போகலாம்” என்று சொல். அழுகை வந்தால் அழு, மன்னிப்பு மட்டும் கேட்காதே. அவர் இரண்டு நாள் யோசிக்க நேரம் கேட்டால் கொடு. வேண்டாம் என்று போய்விட்டால் வலிக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து மணி அலாரத்தை அவருக்குத் தெரியாமல் ஆயுள் முழுக்க நீ வைத்துக்கொண்டிருக்க முடியாது. அவர் பக்கத்தில்தான் படுத்திருப்பார்.

தெரிந்த பிறகு, கல்யாணத்தன்று மறைத்துப் பூச வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் பூசிக்கொள். அதில் தவறே இல்லை. எனக்கு எழுது, நானே வந்து பூசுகிறேன். கண்ணுக்கு மையும் நெற்றிக்குத் திலகமும் மட்டும் போதும் என்றாலும் வருகிறேன்.

“கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கண்ணுக்கு மை போட்டுக்கொள்ள எனக்குப் பிடிக்கும். ஆண்பிள்ளைக்கு இது தேவையா என்று அப்பா அடிக்க வருகிறார்.”
மாணவன், முத்தியால்பேட்டை

தம்பி, நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் கண்ணுக்கு மை எழுதி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தது உன் அப்பா வீட்டில்தானே நடந்திருக்கும்? எந்த வயதில் அது குற்றமாக மாறியது என்று மரியாதையாகக் கேட்டுப் பார். என் அப்பாவின் கதையை மேலே எழுதியிருக்கிறேன், அவரிடம் படித்துக் காட்டு. சுர்மா என்ற கண் மைப்பொடி வாங்கினால் கவனம். சிலவற்றில் ஈயம் இருக்கிறது. இரவில் துடைத்துவிட்டுப் படு. உன் மையை நண்பர்களோடு பங்கு போடாதே, கண்நோய் ஒட்டும்.

“என் மகளுக்குப் பதினைந்து வயது. தோழி சொன்னாள் என்று மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கி எட்டு மாதமாகப் பூசினாள். முகம் வெளுத்தது. இப்போது பூசாவிட்டால் சிவந்து எரிகிறது, கன்னத்தில் பூனைமுடி வளர்கிறது. ‘இது என் தன்னம்பிக்கைக்காக’ என்கிறாள். அலங்காரம் தப்பில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். இதையும் தப்பில்லை என்பீர்களா?”
ஒரு தாய், பண்ருட்டி

இல்லவே இல்லை, அம்மா. இது அலங்காரம் இல்லை. அலங்காரம் என்றால் ராத்திரி கழுவினால் போக வேண்டும். இது கழுவினால் போகாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த டியூபில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அதுதான். சில டியூப்களில் தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்திருக்கும். தோல் நோய்க்கு, குறிப்பிட்ட நாள் கணக்கில், மருத்துவர் சொல்லிப் போட வேண்டிய மருந்து இது. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி தெரியும், பரு வரும், முடி வளரும், வெயில் பட்டால் எரியும். விட்டால் எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். அந்தச் சுழலில்தான் உங்கள் மகள் இருக்கிறாள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

ஒரே நாளில் தூக்கி எறியவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் கூடும். டியூபையும் மகளையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். தயாரித்தவர் பெயரே இல்லாத சிவப்பழகு களிம்பு ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் காட்டுங்கள். பாதரசம் கலந்தவை சந்தையில் உலவுகின்றன. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பூசியது முகத்தில், கெட்டது சிறுநீரகம்.

மகளைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975-இல் வந்தது. பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது 2020-இல். நாற்பத்தைந்து வருடம் அந்தச் சொல் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. நானும் அதில் பங்கு உள்ளவள்தான். தொழிலுக்கு வந்த முதல் பத்து வருடம், கருப்பாக இருக்கும் மணப்பெண்ணுக்கு இரண்டு படி வெளுப்பான நிறத்தைத்தான் பூசினேன். முகம் சாம்பல் பூத்து, கை கருப்பாக, ஆல்பத்தில் இரண்டு பேர் மாதிரி இருப்பார்கள். அந்த ஆல்பங்கள் கடலூர் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இப்போது நான் நிறம் பார்ப்பது தாடையோரத்தில், வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில். பூசினால் கரைந்து காணாமல் போகும் நிறம்தான் அவளுடைய நிறம். எரிச்சல் முழுக்க ஆறிய பிறகு உங்கள் மகளை அழைத்து வாருங்கள். அவள் நிறம் எது என்று அவளுக்குக் காட்டுகிறேன். பணம் வேண்டாம்.

“என் கணவர் இறந்து நான்கு வருடம். அடுத்த மாதம் மகள் கல்யாணம். பொட்டு வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்கு வர வேண்டும் என்கிறாள். எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் நான் இப்போது இருக்கும் நிலைக்கு, அது ஊர் முன்னால் வேஷம் போடுவதாக ஆகிவிடாதா?”
ஒரு தாய், கடலூர் முதுநகர்

அம்மா, வேஷத்தை உங்களுக்குப் போட்டது அவர்கள். காரியத்தன்று நாலு பேர் கூடி உங்கள் நெற்றியை அழித்தார்களே, அன்று. பிறந்த நாள் முதல் பொட்டு வைத்த நெற்றி உங்களுடையது. அதைக் கொடுத்தது கணவர் இல்லை, அவரோடு போவதற்கு.

என் அப்பா 1999-இல் போனார். அதற்குப் பிறகு அம்மாவைப் பொட்டு இல்லாமல்தான் எல்லாரும் பார்த்தார்கள், நானும்தான். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டியதும் உடனே திறக்கவில்லை. திறந்தபோது நெற்றி வெறுமையாக, லேசாகச் சிவந்து, தேய்த்த மாதிரி இருந்தது. உள்ளே கூத்துக் கண்ணாடி தரையில் கிடந்தது. அப்பாவுடையது, நான் பிடித்துக்கொண்டு நின்ற அதே கண்ணாடி. நான் ஒன்றும் கேட்கவில்லை. இரவு துணி மடிக்கும்போது பார்த்தேன். முந்தானையின் உள்பக்க ஓரத்தில் கட்டை விரல் அகலத்துக்குக் குங்குமக் கறை. ஒன்று இல்லை. பழையது, புதியது, துவைத்து மங்கியது என்று வரிசையாக. யாரும் இல்லாத மத்தியானங்களில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் துடைத்திருக்கிறாள். பெற்ற மகள் முன்னால்கூட.

அவள் உயிரோடு இருந்தபோது, “வைத்துக்கொள்ளம்மா” என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்ல ஒரு மகள் இருக்கிறாள்.

பேசுகிறவர்கள் பேசுவார்கள். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் பேசுவார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஓரமாக நிற்காதீர்கள், ஆரத்தித் தட்டையும் பிறர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நான்கு வருடம் ஒன்றும் படாத தோல் உங்களுடையது. ஸ்டிக்கர் பொட்டு வேண்டாம். சில ஸ்டிக்கர்களின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கும். ஒட்டும் இடத்தில் தோலின் நிறத்தையே அழித்து வெள்ளைத் தடம் போட்டுவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் இரவில் எடுத்துவிடுங்கள், அரிப்பு வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். மஞ்சளில் செய்த நல்ல குங்குமம் போதும். அதையும் முழங்கையின் உள்பக்கம் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு வையுங்கள். நெற்றியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வைத்தால் உதிராமல் நிற்கும்.

கல்யாணத்தன்று காலை, அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகு, மகளுக்குத் திலகத்தை உங்கள் கையால் வையுங்கள். வைத்துவிட்டு, அதே குங்குமச் சிமிழை அவள் கையில் கொடுத்து, உங்கள் நெற்றியைக் காட்டுங்கள்.